'இந்தியன் கோட்டா ஃபுல்': வீவக வீட்டின் இன வரம்பு உங்களை எங்கே பாதிக்கும், எங்கே பாதிக்காது?

சனிக்கிழமை மூன்று வீடு பார்த்தீர்கள். மூன்றாவது வீடு பிடித்துவிட்டது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, எம்ஆர்டி நிலையம் பக்கத்தில், விலையும் கைக்கு எட்டும்போல் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை முகவரிடமிருந்து குறுஞ்செய்தி: "சாரி, இந்தியன் கோட்டா ஃபுல்."

அதே வாரத்தில் உங்கள் பெரியம்மா வேறொரு கவலையில் இருக்கிறார். ஐந்தறை வீட்டை விற்கப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. பார்க்க வருபவர்கள் வருகிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். அவருடைய முகவர் சொல்லும் காரணம்: "சைனீஸ் கோட்டா ஃபுல் அக்கா, என்ன செய்யறது?"

இரண்டும் ஒரே விதியின் இரு முகங்கள். 'இன ஒருங்கிணைப்புக் கொள்கை' என்பது அதன் பெயர். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி நடக்கும் தவறு: இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியர் வீட்டை விற்க முடியாது என்று நினைப்பது. உண்மையில் விற்கும் இந்தியருக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இந்தியர் வரம்பு அல்ல, சீனர் வரம்பு. இதைப் புரிந்துகொண்டால் வாங்குவதிலும் விற்பதிலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வரம்பு எவ்வளவு?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, ஒவ்வொரு புளோக்குக்கும் அது இருக்கும் வட்டாரத்துக்கும் தனித்தனியே உச்சவரம்பு வைத்திருக்கிறது.

சீனர்: வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87 விழுக்காடு.

மலாய்க்காரர்: வட்டாரத்தில் 22, புளோக்கில் 25.

இந்தியரும் பிற இனத்தவரும் சேர்த்து: வட்டாரத்தில் 12, புளோக்கில் 15.

கடைசி வரியைக் கவனியுங்கள். 'இந்தியர்/பிறர்' என்பது ஒரே கணக்கு. யுரேஷியர், பிலிப்பீனோக்காரர் எல்லாரும் நம்மோடு அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

இவை உச்சவரம்புகள் மட்டுமே. யாருக்கும் ஒதுக்கிவைத்த இடங்கள் அல்ல. 100 வீடுகள் உள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்வோம். சீனர் 87 வீடுகள் வரை, மலாய்க்காரர் 25 வரை, இந்தியர்/பிறர் 15 வரை. கூட்டினால் 127. அதனால் ஒரு புளோக்கில் ஓர் இனத்தின் வரம்பு நிரம்பியிருக்கும், மற்ற இரண்டும் திறந்தே இருக்கும். இரண்டு வரம்புகள் ஒரே நேரத்தில் நிரம்பியிருப்பதும் சாத்தியம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, பிறர் 3.2. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் அவர்கள் பங்குக்கும் வட்டார வரம்புக்கும் இடையே எட்டு, பத்துப் புள்ளி இடைவெளி இருக்கிறது. இந்தியரையும் பிறரையும் கூட்டினால் 12.2, வட்டார வரம்பு 12. மக்கள்தொகையும் வீவக குடும்பங்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல, தனியார் வீடுகளில் இருப்பவர்களும் அதில் அடக்கம் என்பது உண்மைதான். ஆனாலும் நம் வரம்பு மற்றவற்றைவிட இறுக்கமானது என்பது தெரிகிறது, இல்லையா? தொடக்கத்தில் இன்னும் இறுக்கமாக, 10, 13 என்று இருந்தது. 2010 மார்ச்சில்தான் 12, 15 ஆக உயர்த்தப்பட்டது.

ஏன் வந்தது இந்த விதி?

1989 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் கொண்டுவந்தார். கம்பங்களிலிருந்து மக்களை வீவக வீடுகளுக்கு மாற்றியபோது இனங்கள் கலந்தே குடியமர்த்தப்பட்டன. ஆனால் மறுவிற்பனைச் சந்தை வளர வளர, மக்கள் மீண்டும் தங்கள் இனத்தார் இருக்கும் பக்கமாகவே நகரத் தொடங்கினார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர், ஹவ்காங் பக்கம் சீனர். இப்படியே விட்டால் இனவாரியான பேட்டைகள் உருவாகிவிடும் என்பது அரசாங்கத்தின் அச்சம். 1964 இனக் கலவரங்கள் அன்றைய தலைவர்களுக்குப் பழைய கதை அல்ல.

அதே 1989இல், ஜூலை மாதம், லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. சிராங்கூன் ரோட்டுக் கடைவீடுகளின் முகப்பு அப்படியே காக்கப்படவேண்டும் என்றார்கள். தேக்கா நிலையத்துக்குப் பக்கத்தில் பஃபலோ ரோட்டில் இருக்கும் வீவக புளோக்குகளிலோ, தீவின் மற்ற எல்லாப் புளோக்குகளையும்போல இன வரம்பு உண்டு. லிட்டில் இந்தியா என்பதால் விலக்கு எதுவும் கிடையாது.

கொள்கையை ஆதரிப்பவர்களில் முக்கியமானவர் தர்மன் சண்முகரத்னம். 2015இல் துணைப் பிரதமராக இருந்தபோது சுவிட்சர்லந்தில் நடந்த ஒரு கலந்துரையாடலில், சிங்கப்பூரின் சமூகக் கொள்கைகளில் மக்கள் வாழ்க்கையில் அதிகம் தலையிடுவது இதுதான், ஆனால் மிக முக்கியமானதாக அமைந்ததும் இதுதான் என்ற பொருளில் பேசினார். மறுபக்கம் பாட்டாளிக் கட்சி, சிறுபான்மையினர் இதற்குப் பணமாக விலை கொடுக்கிறார்கள், இதை நீக்கவேண்டும் என்று கேட்டுவந்துள்ளது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இது விவாதமானது. கொள்கை இன்னும் தேவை என்பதே அரசாங்கத்தின் நிலை. சிறுபான்மை விற்பனையாளர் சிலர் பாதிக்கப்படுவதையும் அது ஒப்புக்கொண்டது.

அந்தப் பாதிப்பு எப்படி வருகிறது?

நீங்கள் விற்பவர் என்றால்

அடிப்படை விதி ஒன்றுதான். ஒரே இனத்தவருக்குள் விற்றால் விகிதம் மாறாது, ஆகவே எப்போதும் அனுமதி உண்டு. இனம் மாறும்போதுதான் வாங்குபவரின் இன வரம்பு பார்க்கப்படும். 'விற்பவரின் இன வரம்பு' அல்ல, 'வாங்குபவரின் இன வரம்பு'. இதைத்தான் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

மறுபடியும் பெரியம்மாவின் வீட்டுக்கு வருவோம். அவர் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்றால் அவர் சீனருக்கு விற்க முடியாது. இந்தியருக்கோ, பிற இனத்தவருக்கோ, மலாய்க்காரருக்கோ விற்கலாம். அதாவது சந்தையில் வீடு தேடும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அவருக்கு இல்லை. எதிர்வீட்டுச் சீனக் குடும்பம் அதே மாடியில் அதே அளவு வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒரே தளம், ஒரே அளவு, இரண்டு விலை. வாங்க வருபவருக்கும் இது தெரியும். "உங்களுக்கு வேற ஆள் கிடைக்காது" என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் விலையில் சொல்வார்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். புளோக்கில் இந்தியர் வரம்பு மட்டும் நிரம்பியிருந்தால்? பெரியம்மா சீனருக்கும் விற்கலாம், மலாய்க்காரருக்கும் விற்கலாம், இந்தியருக்கும் விற்கலாம். அது மட்டுமல்ல, அந்தப் புளோக்கில் இந்தியருக்கு விற்கக்கூடியவர்கள் அவரைப் போன்ற இந்தியர்/பிறர் குடும்பங்கள் மட்டுமே. அந்தப் பக்கம் வீடு தேடும் இந்தியக் குடும்பத்துக்கு அவர் வீடு அபூர்வமான வீடு. ஆகவே "இந்தியன் கோட்டா ஃபுல்" என்று யாராவது சொன்னால், விற்பவர் பதறவேண்டியதில்லை.

சீனர் வரம்புதான் சிக்கல் என்று தெரிந்தால், விற்பனைக்குப் போடும் முன்பே ஒரு முக்கியமான கணக்கைப் போட்டுவிடுங்கள். அடுத்த வீட்டை எப்போது வாங்கப் போகிறீர்கள்?

சிங்கப்பூர்த் தம்பதி ஒன்று வீவக வீட்டை வைத்துக்கொண்டு 1.5 மில்லியன் வெள்ளிக்குக் கொண்டோமினியம் வீடு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வீடு என்பதால் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை: 300,000 வெள்ளி. கட்டி முடிக்கப்பட்ட வீடாக இருந்தால், வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றுவிட்டால் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். மற்றவர்களுக்கு ஆறு மாதம் போதுமானதாக இருக்கலாம். வாங்குபவர் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் விலக்கப்பட்ட உங்களுக்கு அது போதாமல் போகலாம். அப்போது இரண்டே வழி: விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவது, இல்லையென்றால் 300,000 வெள்ளியை இழப்பது. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: முதலில் விற்றுவிடுங்கள், பிறகு வாங்குங்கள். இடையில் சில மாதம் வாடகை கொடுப்பது எவ்வளவோ மலிவு.

புதிய வீவக வீட்டுக்குச் சாவி வாங்கியவர்களும் பழைய வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்கவேண்டும். இன வரம்பால் விற்க முடியவில்லை என்றால் கழகத்திடம் கூடுதல் அவகாசம் கேட்கலாம். சூழ்நிலையைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். கெடு முடிந்த பிறகு கேட்காமல், முடியப்போகிறது என்று தெரிந்ததுமே எழுதுங்கள்.

இன்னொரு கடைசி வழியும் இருக்கிறது. 2022 மார்ச்சில் தேசிய வளர்ச்சி அமைச்சு அறிவித்தது: இன வரம்பால் வீட்டை விற்க உண்மையிலேயே சிரமப்படும் உரிமையாளர்களிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதற்குத் தகுதி விதிகள் உண்டு. சந்தையில் நியாயமான விலைக்கு விற்க முயன்றதற்கு அத்தாட்சி வேண்டியிருக்கும். ஆகவே விளம்பரங்கள், வந்து பார்த்தவர்களின் தேதிகள், கிடைத்த விலைக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் வாங்குபவர் என்றால்

வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே சரிபார்த்துவிடலாம். வீவக இணையத்தளத்தில் இன வரம்பைச் சோதிக்கும் சேவை இருக்கிறது. வீட்டு முகவரியையும் உங்கள் இனத்தையும் குடியுரிமை நிலையையும் கொடுத்தால், அந்தப் புளோக்கில் யார் யாரிடமிருந்து வாங்கலாம் என்று சொல்லிவிடும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் மூன்று வாரம் ஆசைப்பட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இந்த நிலவரம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. பார்த்த அன்று திறந்திருந்த வரம்பு அடுத்த மாதம் மூடியிருக்கலாம். மூடியது திறக்கவும் செய்யலாம். ஓடிபி எனப்படும் வாங்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளன்று ஒருமுறை பாருங்கள். மறுவிற்பனை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் மறுபடி பாருங்கள். ஓடிபி கிடைத்ததும் உங்களுக்கு 21 நாள் இருக்கிறது, கடைசி நாள் மாலை 4 மணிவரை. அந்த 21 நாளுக்குள் ஒரு 1ஆம் தேதி வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வந்தால், இழுத்தடிக்காதீர்கள்.

இணைய விளம்பரங்களில் 'எல்லா இனத்தவரும் வாங்கலாம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாராள மனசு என்று நினைக்காதீர்கள். வரம்புகள் எதுவும் அங்கே நிரம்பவில்லை என்பதுதான் அதன் பொருள். அதையும் நம்பி விட்டுவிடாமல் நீங்களே சோதியுங்கள். விளம்பரம் எந்த மாதம் போட்டதோ!

இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்தான் வேண்டும், ஏனென்றால் அம்மா வீடு அங்கே இருக்கிறது என்றால்? இந்தியரோ பிற இனத்தவரோ விற்கும் வீட்டுக்காகக் காத்திருக்கவேண்டும். அப்படிக் கிடைக்கும்போது விற்பவர் கொஞ்சம் கூட்டித்தான் கேட்பார். எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம் என்பதில் மட்டும் நிதானம் தேவை. வீட்டின் விலை 620,000 வெள்ளி, கழகம் ஏற்கும் மதிப்பீடு 600,000 வெள்ளி என்றால், நடுவிலுள்ள 20,000 வெள்ளியை ரொக்கமாகக் கொடுக்கவேண்டும். அதற்கு மத்திய சேமநிதியும் உதவாது, வீட்டுக்கடனும் உதவாது. முத்திரைத் தீர்வையோ உயர்ந்த தொகையான 620,000 மீது கணக்கிடப்படும்: 13,200 வெள்ளி.

பெற்றோருக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி அருகாமை மானியம் உண்டு. பெற்றோரோடு சேர்ந்து வாழப்போகிறீர்கள் என்றால் 30,000. ஆக, அம்மாவின் புளோக்குதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் நாலைந்து நிறுத்தம் தள்ளிப் பார்த்தாலும் மானியம் போகாது.

சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீடு கொஞ்சம் மலிவாக வருகிறதா? வாங்கலாம், தவறில்லை. ஆனால் அந்த மலிவுக்குக் காரணம் தெரிந்து வாங்குங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது அதே நிலைமை உங்களுக்கும் வரக்கூடும். அங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறவருக்கு அது லாபம். ஐந்தாண்டுக் குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்ததும் விற்றுவிட்டு மேலே போகலாம் என்று திட்டம் போடுபவருக்கு அது பொறி.

லிட்டில் இந்தியா பக்கம் ஆசைப்படும் இளையர்களுக்கு இன வரம்போடு இன்னொரு விஷயமும் இருக்கிறது: குத்தகை. 1980களின் தொடக்கத்தில் 99 ஆண்டுக் குத்தகை தொடங்கிய வீட்டில் இன்று மீதமிருப்பது சுமார் 55 ஆண்டுகள்தான். வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் மத்திய சேமநிதியை முழு வரம்புவரை பயன்படுத்த முடியும். உங்களுக்கு 28 வயது என்றால் 67 ஆண்டு வேண்டும். குறைந்தால் சேமநிதியில் எடுக்கக்கூடிய தொகையும் கடனும் குறையும், கையிலிருந்து போடவேண்டிய பணம் கூடும். தேக்காவில் காலை இட்லி சாப்பிட்டு நடந்தே வீட்டுக்குப் போவது இனிமையான கனவுதான். கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

பிடிஓ வீட்டுக்கும் உண்டா?

உண்டு. புதிய வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதும் இனவாரியான எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். உங்கள் வரிசை எண் வரும்போது வீடுகள் மீதம் இருந்தும் இந்தியர்/பிறருக்கான எண்ணிக்கை முடிந்திருக்கலாம். தேர்வு நடக்கும் நாள்களில் எந்த இனத்துக்கு எத்தனை வீடு மீதமிருக்கிறது என்பது வீவக தளத்தில் தெரியும். சீன நண்பரின் எண் 300, உங்கள் எண் 250 என்பதால் நீங்கள்தான் முந்தி என்று நினைக்கவேண்டாம். இந்தியர்/பிறர் கணக்கில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

கலப்புத் திருமணம் செய்தவர்களுக்கு இங்கே ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது. கணவன் மனைவி வெவ்வேறு இனம் என்றால் யாருடைய இனத்தின்கீழ் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கலாம். வாங்கும்போது தேர்ந்தெடுத்த இனமே பின்னர் விற்கும்போதும் கணக்கில் வரும். இன்று வரிசையில் எது வசதி என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விற்கும்போது எது வசதி என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் இரட்டை இனம் பதிந்திருந்தால் முதலில் வரும் இனம்தான் கணக்கு.

நிரந்தரவாசிகளுக்குக் கூடுதல் கட்டம்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து நிரந்தரவாசியானவர்கள் இரண்டு வரம்பைத் தாண்டவேண்டும். இன வரம்பு ஒன்று. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கான வரம்பு இன்னொன்று: வட்டாரத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு. ஜோகூரிலிருந்து வந்த தமிழருக்கு இரண்டாவது வரம்பு கிடையாது, சென்னையிலிருந்து வந்தவருக்கு உண்டு. உரிமையாளர்களில் ஒருவர் சிங்கப்பூரர் என்றால் அந்தக் குடும்பம் நிரந்தரவாசிக் கணக்கில் வராது. இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருக்கவேண்டும், மறுவிற்பனை வீடு மட்டுமே வாங்கலாம், கழகத்தின் கடன் கிடைக்காது, 5 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வையும் உண்டு.

வாடகைக்கு எடுக்கும்போது?

இங்கேதான் அதிகப் பொய் புழங்குகிறது.

வாடகைதாரருக்கு இன வரம்பு கிடையாது. திரும்பவும் சொல்கிறேன்: வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க இன வரம்பு கிடையாது. முழு வீட்டை வாடகைக்கு விடும்போது பார்க்கப்படுவது குடியுரிமை மட்டுமே. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. சிங்கப்பூரர், மலேசியர் அதில் சேரமாட்டார்கள். ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தால் அந்த வரம்பும் இல்லை.

ஆகவே நீங்கள் சிங்கப்பூர்த் தமிழர். வாடகை வீடு கேட்கிறீர்கள். "இந்தியன் கோட்டா ஃபுல், சாரி" என்று பதில் வருகிறது. அது விதி அல்ல. விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு யாரோ உங்களை வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவுதான். சமையல் மணம், சுவர் அழுக்கு என்று காரணம் தேடும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011இல் பக்கத்து வீட்டுக் கறி வாசனை குறித்த ஒரு சமரசச் செய்தி வெளியானதும், ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் ஒரு பானை கறி சமைப்போம் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது சிலருக்கு நினைவிருக்கும். அன்று கறி வைத்தவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். வாடகைச் சந்தை அவ்வளவு வேகமாக மாறவில்லை.

என்ன செய்யலாம்? வீட்டுக்காரர் மனதை மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் முகவர் பதிவுபெற்ற தொழிலர். விளம்பரத்தில் இனத்தையோ சமயத்தையோ காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்பது சொத்து முகவைகள் மன்றத்தின் வழிகாட்டி விதிகளில் இருக்கிறது. அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் படமெடுத்து மன்றத்துக்கு அனுப்புங்கள். 'கோட்டா' என்று சொன்னால், "எந்தக் கோட்டா? நான் சிங்கப்பூரர்" என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அந்த ஒரு கேள்விக்கே பதில் மாறும்.

இன்னொரு பக்கம், இன்முகத்தோடு "இந்தியர் தாராளமாக வரலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பல இடத்தில் மறுக்கப்பட்டவர் அவசரத்தில் இருப்பார் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். முகவரின் தொலைபேசி எண்ணை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் அங்கே இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வீவக வாடகைப் பணத்தை, அது வைப்புத்தொகையாக இருந்தாலும், முகவர் தன் கையால் தொடக்கூடாது. நேரே உரிமையாளருக்குத்தான் போகவேண்டும். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். உரிமையாளர் கழகத்தின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம் வேண்டும். "மூணு மாசத்துக்கு மட்டும் தர்றேன்" என்றால் அது சட்டப்படி செல்லாது. லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் மேல்மாடி போன்ற தனியார் வீடுகளுக்குத்தான் மூன்று மாதம் குறைந்தபட்சம்.

ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகை 72,000, அதில் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. வழக்கமாக வாடகைதாரர் கட்டுவது. கட்டாத ஒப்பந்தத்தைப் பின்னர் தகராறு வந்தால் ஆதாரமாகக் காட்டுவது கடினம்.

ஒப்பந்தத்தில் 'கடுமையான சமையல் கூடாது' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'கடுமையான' என்றால் என்ன? வாரம் ஒருமுறை மீன் குழம்பா, தினமும் தாளிப்பதா? கையெழுத்துக்கு முன்னால் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்று அடுப்படிச் சுவர், புகை உறிஞ்சி, அலமாரிக் கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். போகும்போது "கறி எண்ணெய் பிடிச்சிருக்கு" என்று வைப்புத்தொகையைப் பிடித்துவைத்தால் அந்தப் படங்கள்தான் பேசும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளிவரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் தேவையில்லை, அங்கே வழக்கறிஞரை அனுமதிப்பதுமில்லை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.